வாயில்லா உயிர்களும் வாய்க்க வேண்டிய தலைமையும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கொடையை நால்வகையாகப் பகுத்துரைப்பது சமண மரபு. உணவுக் கொடை, அடைக்கலக் கொடை, மருந்துக் கொடை, அறிவுக் கொடை என்பன அவை. இவற்றுள் மருந்துக் கொடை மனிதர்க்கு மட்டும் உரியதன்று. ஆவினத்துக்கும் ஆட்டினத்துக்கும் உரியது. பசுவுக்குத் தீவனம் வழங்குவோர் பலர். முதிர்ந்த மாடுகளைப் பேணும் காப்பகங்களுக்குப் பொருளுதவி செய்வோரும் உளர். அவையெல்லாம் போற்றத்தக்க அறங்களே. ஆயினும், ஒரு மாநிலத்தின் கோடிக்கணக்கான வாயில்லா உயிர்களுக்கு மருந்தும் தடுப்பூசியும் உரிய காலத்தில் சென்று சேர்வதும் சேராமற் போவதும் பெரிதும் அரசின் கால்நடைத் துறையைப் பொறுத்தவை. அத்துறையின் தலைமை இருக்கையில் அமர்பவர்க்கு இருக்க வேண்டிய கல்வித் தகுதியும் தொழில் தகுதியும் யாவை? இவ்வுரை எழுப்பும் வினா அது ஒன்றே.

அபிராமத்துக் கிடை

வினா பெரிது; விடையைச் சிற்றூரிலிருந்து தேடுதல் நலம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில் அமைந்தது அபிராமம். வானம் பார்த்த பூமி அது. கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல். நிறையாத ஆண்டில் மிளகாயும் கரிமூட்டமும். மழை பொய்த்த காலத்தும் குடும்பத்தைக் கைவிடாத செல்வம் ஆடு. தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. அவ்வட்டாரத்தில் ஆடே மாடு என்று சொன்னால் அது மிகையாகாது. இராமநாதபுரம் வெள்ளை என்று மாவட்டத்தின் பெயராலேயே ஓர் ஆட்டினம் வழங்கப்படுகிறது.

மேய்ச்சல் வற்றும் பருவத்தில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் தம் மந்தைகளை ஓட்டிக்கொண்டு சிவகங்கை, புதுக்கோட்டை வழியாகத் தஞ்சைத் தரணி வரையிலும் செல்வது நெடுநாளைய வழக்கம். அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்துவர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகும். கிடைக்கூலி கீதாரிக்கு ஊதியமாகும்.

இத்தகைய கிடை ஒன்றில் ஒரு நாள் காலை நான்கு ஆடுகள் எழாமல் கிடக்கின்றன என்று கொள்வோம். காய்ச்சல் அடிக்கிறது, மூக்கில் சளி ஒழுகுகிறது, வாயில் புண், கழிச்சலும் சேர்ந்துகொண்டது. இஃது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம், நீலநாக்கு நோயாக இருக்கலாம், கோமாரியாகவும் இருக்கலாம். தொடக்க நிலையில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆனால் மூன்றுக்கும் தடுப்பு முறை வேறு வேறு. ஆட்டுக்கொல்லி நெருங்கிப் பழகும் ஆடுகளின் மூச்சினாலும் சளியினாலும் பரவுவது. ஆகவே மந்தையைப் பிரித்து நிறுத்துதல் வேண்டும். நீலநாக்கைப் பரப்புவது மிகச் சிறிய கடிக்கும் பூச்சி. மந்தைகளைப் பிரித்து வைத்தால் மட்டும் அது அடங்காது. ஒன்றின் தடுப்பூசி மற்றொன்றுக்கு உதவாது. கிடையோ நாளை அடுத்த ஊருக்கும் அடுத்த வாரம் அடுத்த மாவட்டத்துக்கும் நகரப் போகிறது. எந்த நோய் என்று தெளிவதற்கும் எதைச் செய்வதென்று முடிவெடுப்பதற்கும் இடையில் உள்ள பொழுது மிகக் குறுகியது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் அந்தப் பொழுதில் அடங்கியிருக்கிறது.

படிக்கட்டும் உச்சியும்

கீதாரி யாரிடம் செல்வார்? அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்வார். ஆங்கிருப்பவர் கால்நடை உதவி மருத்துவர். இன்று அப்பணிக்கு வருவோர், மேல்நிலைக் கல்விக்குப் பின் உள்ளிருப்புப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பை முடித்தவர்கள். அவருக்கு மேல் உதவி இயக்குநர், அவருக்கு மேல் மாவட்ட அளவில் மண்டல இணை இயக்குநர், அதற்கும் மேல் சென்னையில் கூடுதல் இயக்குநர், உச்சியில் இயக்குநர்.

அடிப்படிக்கு உரிய தகுதியைச் சட்டமே வரையறுத்துள்ளது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 30ஆம் பிரிவில் நான்கு செய்திகளைக் கூறுகிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அல்லாத ஒருவர் அரசிலோ உள்ளாட்சி நிறுவனத்திலோ கால்நடை மருத்துவர் பதவியையோ அதனை ஒத்த பிற பதவியையோ வகிக்கலாகாது. மருத்துவத் தொழில் செய்யலாகாது. கால்நடை நலச் சான்றிதழில் ஒப்பமிடலாகாது. வல்லுநர் என்ற முறையில் நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கலாகாது. ஒரு பசுவுக்கு நோயில்லை என்று எழுதிக் கையெழுத்திடுவதற்கே இத்துணைக் காப்பு இருக்கிறது.

இனி உச்சிப்படியை நோக்குவோம். கால்நடைகளுக்கு வரும் தொற்றுநோய்களைத் தடுத்தலும் கட்டுப்படுத்தலும் பற்றிய நடுவணரசுச் சட்டம் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் சொற்பொருள் விளக்கப் பகுதி கூர்ந்து படிக்கத்தக்கது. 'கால்நடை மருத்துவர்' என்பதற்கு அச்சட்டம் தரும் பொருள், அங்கீகரிக்கப்பட்ட கால்நடை மருத்துவத் தகுதி உடையவர் என்பது. 'இயக்குநர்' என்பதற்கு அது தரும் பொருளோ, கால்நடைப் பராமரிப்புத் துறைக்கோ கால்நடை மருத்துவத் துறைக்கோ பொறுப்பு வகிப்பவராய் மாநில அரசு அறிவிக்கும் அலுவலர் எவரும் என்பது. கீழுள்ளவர் கல்வியால் வரையறுக்கப்படுகிறார். மேலுள்ளவர் பதவியால் மட்டும் வரையறுக்கப்படுகிறார். ஒரு மாநிலத்தில் அட்டவணை நோய் தோன்றினால் அண்டை மாநில இயக்குநர்களுக்கு அறிவிக்க வேண்டிய கடமையை அதே சட்டம் இந்த இயக்குநரிடமே ஒப்படைக்கிறது.

தமிழ்நாட்டில் கால்நடைத் துறையின் இயக்குநராகத் துறையிலேயே பணியாற்றி உயர்ந்த கால்நடை மருத்துவர்கள் இருந்ததுண்டு. அண்மை ஆண்டுகளில் இந்திய ஆட்சிப் பணி அலுவலர்களும் அப்பதவியில் அமர்த்தப்பட்டுள்ளனர். எவரையும் குறை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. திறமும் நேர்மையும் மிக்க ஆட்சியர்கள் பலர் உளர். இங்கு எடைபோடப்படுவது இருக்கையே. அதில் அமர்ந்தவர் அல்லர்.

வரலாறு தரும் பாடம்

ஆவினத்தை அழித்த நோய்களுள் தலையாயது வெக்கை நோய். 1865இல் அது பிரிட்டனுக்குள் புகுந்தபோது, அந்நாட்டரசு தன் தடுப்புப் பணிக்குத் தலைவராக ஜான் சைமண்ட்ஸ் என்னும் கால்நடை மருத்துவப் பேராசிரியரை அமர்த்தியது. இன்று அந்நாட்டிலுள்ள தலைமைக் கால்நடை மருத்துவ அலுவலர் பதவி அன்று தோன்றியதே.

அமெரிக்க ஐக்கிய நாடு ஒருபடி மேலே சென்றது. மாடுகளுக்கு வரும் தொற்று நுரையீரல் நோயை ஒழிக்க 1884இல் கால்நடைத் தொழில் பணியகம் ஒன்றை அந்நாடு சட்டம் இயற்றி நிறுவியது. அப்பணியகத்தின் தலைவர் தகுதி வாய்ந்த கால்நடை மருத்துவராக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டது. முதல் தலைவரானவர் டேனியல் சால்மன். அந்நாட்டில் கால்நடை மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் அவர். சால்மோனெல்லா என்று இன்று மருத்துவ உலகம் வழங்கும் நுண்ணுயிரியின் பெயர் அவர் பெயரிலிருந்து வந்தது. பணியகம் தோன்றிய எட்டாம் ஆண்டில், 1892இல், அந்த நுரையீரல் நோய் அந்நாட்டிலிருந்து அறவே நீங்கியது. அச்சட்டத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து இயற்றப்பட்டது இந்தியாவின் 1984ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்கர் தலைக்கு வகுத்த விதியை இந்தியர் கைக்கும் காலுக்கும் வகுத்தனர். தலையை வெளிப்படச் சொல்லாமல் விட்டனர்.

தமிழகத்துக்கு இத்துறையில் பெருமை இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் கால்நடைத் துறை தோன்றியது 1892இல். வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பெற்றது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு அங்கு வந்தது. வெக்கை நோய்க்கு ஊனீர் உருவாக்க 1932இல் இராணிப்பேட்டையில் நிலையம் அமைந்தது. இந்தியாவின் முதற் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் 1989இல் தமிழ்நாட்டிலேயே மலர்ந்தது. கற்றவர்க்குப் பஞ்சமில்லாத நாடு இது.

1920இல் மற்றொரு செய்தி நிகழ்ந்தது. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் சென்ற மாடுகள் இடையில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்க, அவற்றின் வழியாக வெக்கை நோய் அந்நாட்டில் பரவியது. நாடுகள் அஞ்சின. ஒரு நாட்டின் நோய் மறு நாட்டுக்குச் செய்தியாக முன்னரே சென்று சேர வேண்டும் என்று உணர்ந்தன. 1924இல் 28 நாடுகள் ஒன்றுகூடிப் பாரிசில் ஓர் அமைப்பை நிறுவின. உலக விலங்கு நல அமைப்பு என்று இன்று வழங்கப்படுவது அதுவே. கால்நடை மருத்துவப் பணி, வணிகர் நெருக்குதலுக்கோ அரசியல் நெருக்குதலுக்கோ மேலதிகாரி நெருக்குதலுக்கோ வளையாமல், அறிவியல் தீர்ப்பின்படி இயங்க வேண்டும் என்பது அவ்வமைப்பின் நெறி. இந்திய நடுவணரசிலும் அந்த அமைப்புக்குப் பேராளராகச் செல்பவர் கால்நடைப் பராமரிப்பு ஆணையர். அவர் கால்நடை மருத்துவர். துறைச் செயலாளர் ஆட்சிப் பணியினர், ஆணையர் துறையறிஞர். இரண்டு இருக்கைகள், இரண்டு தகுதிகள்.

அரசூர் கற்பித்தது

துறையறிவு தலைமையில் இருக்க வேண்டியது ஏன்? அறிவுரை கூறக் கீழே மருத்துவர்கள் இருந்தாற் போதாதா? இவ்வினாவுக்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1987இல் விழுப்புரத்தை அடுத்த அரசூர் என்னும் ஊரில் ஆடுகளுக்கு ஒரு நோய் கண்டது. அறிகுறிகள் வெக்கை நோயை ஒத்திருந்தன. ஆராய்ந்தவர்கள் அஃது ஆட்டுக்கொல்லி நோய் என்று உறுதி செய்தனர். இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்ட இடம் அரசூர். அங்கு எடுக்கப்பட்ட நச்சுயிரியிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி, 'அரசூர் 87' என்று அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு நோயை வேறொன்றாகக் கருதும்வரை அதற்குரிய மருந்து பிறப்பதில்லை. அரசூரில் இனங்கண்டதன் பயனே இன்று அபிராமத்துக் கிடைக்குக் கிடைக்கும் ஊசி.

அடுத்தது வெக்கை நோய் ஒழிந்த வரலாறு. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் கண்டது 1995இல், தமிழ்நாட்டில். அதன்பின் எடுக்க வேண்டியிருந்த முடிவு கடினமானது. பல்லாண்டுகளாகக் கோடிக்கணக்கில் போட்டு வந்த தடுப்பூசியை நிறுத்த வேண்டும். ஏனெனில், ஊசி போட்ட மாட்டின் குருதியிலும் நோயெதிர்ப்பு இருக்கும். நோய் வந்து பிழைத்த மாட்டின் குருதியிலும் அஃது இருக்கும். ஊசியை நிறுத்தினாலன்றி நோய் எங்கேனும் பதுங்கியிருக்கிறதா என்று கண்டறிய இயலாது. ஆட்சி நோக்கில் பார்த்தால் ஊசியைத் தொடர்வதே பாதுகாப்பு. நிறுத்தியபின் ஒரு மாடு இறந்தாலும் பழி நிறுத்தியவர் மேல் விழும். நோயின் இயல்பை அறிந்தவரே அந்தப் பழிக்கு அஞ்சாமல் நிறுத்த இயலும். நிறுத்தினர், தேடினர், நோய் இல்லை என்று மெய்ப்பித்தனர். 2006இல் இந்தியா வெக்கை நோயற்ற நாடு என்று உலக அமைப்பு ஏற்றது. 2011இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதர் முற்றாக ஒழித்த நோய் அஃது ஒன்றே.

ஊசி போடுக என்று ஆணையிடக் கோப்பு போதும். ஊசியை நிறுத்துக என்று ஆணையிட அறிவு வேண்டும். கோப்பில் கீழிருந்து மேல்வரை எழுதப்படும் குறிப்புகளுள் எது கனமானது, எது வெறும் அச்சத்தால் எழுதப்பட்டது என்பதை நிறுத்துப் பார்க்கும் ஆற்றல், அத்துறையில் தோய்ந்தவர்க்கே எளிதில் வாய்க்கும்.

மறுபக்கமும் உண்டு

எதிர்த் தரப்பினர் வாதமும் கேட்கத்தக்கது. நோய் பரவுங்காலத்தில் சந்தையை மூட வேண்டும். சாலையில் வண்டிகளைத் தடுக்க வேண்டும். ஆட்சியர், காவல்துறை, வருவாய்த்துறை, ஊராட்சி ஆகியோரை ஒருங்கிணைக்க வேண்டும். நிதித்துறையிடம் பணம் பெற வேண்டும். இவை ஆட்சியியல் பணிகள். முப்பதாண்டு மருந்தகத்தில் ஊசி போட்டவர், பணிமூப்பு ஒன்றினாலேயே உச்சிக்கு உயர்ந்து, ஓய்வு பெறச் சில திங்களே இருக்கையில் தலைமை ஏற்றால், அவரால் என்ன செய்ய இயலும்? கால்நடை மருத்துவம் கற்றமை மட்டுமே தலைமைத் தகுதி ஆகிவிடாது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஓர் ஆட்டைக் காப்பது ஒரு கலை. ஒரு மாநிலத்தின் மந்தையைக் காப்பது வேறொரு கலை.

இச்சிக்கலுக்குத் தீர்வு வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையே நல்ல முன்மாதிரி. 1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. அத்துறைக்கெனத் தனிப் பணிநிலை இருக்கிறது. அதில் சேரும் மருத்துவர், மருத்துவப் பட்டத்தோடு நிற்பதில்லை. பொதுச் சுகாதாரத்தில் பட்டயமோ பட்டமோ பெறுகிறார். மாவட்டத்தில் பொறுப்பேற்று, கொள்ளைநோய்த் தடுப்பிலும் ஆட்சிப் பணியிலும் பழகி, படிப்படியாக உயர்கிறார். அத்துறையின் இயக்குநர் அவ்வாறு வந்த மருத்துவரே. செயலாளராக ஆட்சிப் பணியினர் மேலே இருக்கிறார். நோயை அறிந்தவர் ஓர் இருக்கையில். அரசை அறிந்தவர் மற்றோர் இருக்கையில். மக்களுக்கு ஏற்ற இம்முறை மாக்களுக்கு ஏலாதோ?

இம்முன்மாதிரியை ஒட்டிக் கால்நடைத் துறைத் தலைமைக்கு வேண்டும் தகுதிகளை ஐந்தாகத் தொகுத்துரைக்கலாம். ஒன்று, பதிவு பெற்ற கால்நடை மருத்துவராதல். இரண்டு, கொள்ளைநோயியலிலோ நோய்த் தடுப்பு மருத்துவத்திலோ மேற்படிப்பு. மூன்று, மருந்தகத்திலும் மாவட்டத்திலும் ஆய்வகத்திலும் பணியாற்றிய பட்டறிவு. நான்கு, சட்டம், நிதி, பேரிடர் மேலாண்மை ஆகியவற்றில் முறையான பயிற்சி. அதுவும் தலைமை ஏற்ற பின்னன்று, ஏற்கும் முன். ஐந்து, தொடங்கிய பணியை முடிக்கப் போதிய, உறுதி செய்யப்பட்ட பதவிக்காலம். இவ்வைந்தில் முதலாவது இல்லையேல் ஏனைய நான்கும் வேரில்லா மரம். முதலாவது மட்டும் இருந்து ஏனைய நான்கும் இல்லையேல் அது கிளைக்காத மரம்.

திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். செயலையும் செய்வானையும் பொருத்திப் பார்த்து ஒப்படைத்தல் அரசின் கடமை என்பது அதன் சாரம். வேந்தர்க்குச் சொன்னது குடியாட்சிக்கும் பொருந்தும்.

உயிரின்மேல் எழுதும் ஆணை

இறுதியாக, உயிரிரக்கம் போற்றுவோர் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. நோய் மற்ற விலங்குகளுக்கும் மனிதர்க்கும் பரவாமல் தடுக்க, நோயுற்ற விலங்கைத் துன்பமின்றி முடிக்குமாறு எழுத்து மூலம் ஆணையிடும் அதிகாரத்தையும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை மருத்துவ அலுவலர்க்கு வழங்குகிறது. 2006இல் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டபோது பெருந்தொகையான கோழிகள் அழிக்கப்பட்டன. கேட்கவே நெஞ்சம் நடுங்கும் செயல் அது. அத்தகைய ஆணையைத் தவிர்க்க இயலாத நாளும் வரலாம். ஆனால் அந்நாள் வராமல் தடுப்பதே உண்மையான அறம். நோயை முதல் நாளிலேயே இனங்கண்டால், ஊசி உரிய பருவத்தில் போடப்பட்டிருந்தால், எல்லை உரிய பொழுதில் மூடப்பட்டால், அழிக்க வேண்டிய உயிர்கள் குறையும். எத்தனை உயிர்கள் எஞ்சும் என்பது தலைமையின் அறிவைப் பொறுத்ததாகிவிடுகிறது. மருந்துக் கொடையின் பெரும்பகுதி, உண்மையில், நல்ல தலைமையைக் கேட்டுப் பெறுதலே.

ஆடுகளுக்கு வாக்குரிமை இல்லை, மனு எழுதத் தெரியாது, ஊர்வலம் வாரா. அவற்றின் பொருட்டுக் கேட்க வேண்டியவர்கள் மனிதர்களே. இவ்வறநிலையம் போன்ற அமைப்புகள் தீவனமும் தொட்டியும் வழங்குவதோடு, சட்டமன்ற உறுப்பினரிடத்தும் அரசினிடத்தும் இவ்வொரு வேண்டுகோளையும் எடுத்துச் செல்லலாம்: கால்நடை மருத்துவருக்கு வகுத்த தகுதியை, அவருக்கு ஆணையிடும் இருக்கைக்கும் வகுத்திடுக, அதனைச் சட்டத்திலேயே எழுதிடுக.

அபிராமத்துக் கீதாரிக்கு இயக்குநர் யார் என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் மருத்துவ ஊர்தி வருமா, வரும் ஊர்தியில் உரிய மருந்து இருக்குமா என்பதே அவர் கவலை. அம்மருந்தை எந்தப் பருவத்தில், எந்த ஊருக்கு, எவ்வளவு அனுப்புவது என்று தீர்மானிப்பவர், ஒரு நாளேனும் ஓர் ஆட்டின் வாயைத் திறந்து புண்ணைப் பார்த்தவராக இருக்கட்டும். வாயில்லா உயிர்க்கு அந்த அளவு வாய்ப்பாவது வாய்க்கட்டும்.